இரும்பை வலையாகப் பின்னியவர்: மரண தண்டனைக்கு நடுவே கோபுரம் கட்டிய ஷூகோவின் கதை

சேப்பாக்கம் எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியத்தின் கூரையை எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? நேரில் போகாவிட்டாலும் ஐ.பி.எல். மேட்ச்சில் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கேலரிகளுக்கு மேலே வெள்ளை வெளேரென்று, பாய்மரத்தை இழுத்துக் கட்டிய மாதிரி இருக்கும். 2011 உலகக் கோப்பைக்காக ஸ்டேடியத்தைப் புதுப்பித்தபோது வந்த கூரை அது. பார்க்கத் துணி மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், சந்தேகமே வேண்டாம், துணிதான். கண்ணாடி இழையில் நெய்து பி.டி.எஃப்.இ. பூசிய துணி. நம் வீட்டு நான்ஸ்டிக் தவாவில் இருக்கும் அதே பூச்சு.

இப்போது ஏர்போர்ட், பெட்ரோல் பங்க், ஷாப்பிங் மால் வாசல், கார் பார்க்கிங் என்று எங்கு போனாலும் இந்த மாதிரிக் கூரைகளைப் பார்க்கலாம். இவற்றுக்கு டென்சைல் ஸ்ட்ரக்சர் என்று பெயர். தமிழில் இழுவிசைக் கட்டுமானம். நடுவில் தூண்களை நிறைக்காமல், கொஞ்சம் பொருளை வைத்தே பெரிய இடத்தை மூடிவிடலாம் என்பதுதான் இதன் ஸ்பெஷல்.

இந்தக் கட்டுமானத்தின் வரலாறு என்று தேடினால் பெரும்பாலும் ஜெர்மனியின் ஃப்ரை ஓட்டோவும், 1972 மியூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியமும்தான் முதலில் வரும். ஆனால் அதற்கு 76 ஆண்டுகளுக்கு முன்பே ரஷ்யாவில் ஒரு இன்ஜினீயர் இரும்பையே துணி மாதிரி இழுத்துத் தொங்கவிட்டு, அதன் கீழே ஒரு கண்காட்சியே நடத்த வைத்துவிட்டார். பெயர் விளாதிமிர் ஷூகோவ். குறைந்த இரும்பில் நிறைய கட்டியவர். அந்தக் குறைந்த இரும்பு ஒரு கட்டத்தில் அவர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

முதலில் ஒரு ஈர்க்குச்சிப் பாடம்

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்து உள்பக்கமாகத் தள்ளுங்கள். சட்டென்று வளைந்துவிடும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் முறிந்துவிடும். இப்போது வேறு குச்சியை எடுத்து இரண்டு பக்கமும் இழுங்கள். அவ்வளவு சீக்கிரம் அறுக்க முடியாது.

அவ்ளோதான் விஷயம். மெல்லிய பொருளைத் தள்ளினால் அது அறுபடும் முன்பே வளைந்து கைவிட்டுவிடும். இழுத்தால் தன் முழு பலத்தையும் காட்டும். கல் தூண், செங்கல் சுவர், வளைவு எல்லாமே தள்ளும் விசையில் நிற்பவை. அதனால்தான் அவை தடிமனாக இருக்க வேண்டியிருக்கிறது. கயிற்றுக் கட்டில், குழந்தைக்குக் கட்டும் தூளி, சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி இவையெல்லாம் இழுவிசையில் நிற்பவை. அதனால்தான் அவ்வளவு மெல்லிசாக இருந்தும் ஓர் ஆளைத் தாங்குகின்றன.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. மெல்லிய கூரைக்கு எடை கிடையாது. காற்று அடித்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும், மேலே தூக்கும். அதைத் தடுக்க இரண்டு வழிகளைச் சேர்த்துச் செய்கிறார்கள். ஒன்று, முன்கூட்டியே நன்றாக இழுத்துக் கட்டுவது. இரண்டு, கூரையை ஒரு திசையில் மேல்நோக்கியும் குறுக்குத் திசையில் கீழ்நோக்கியும் வளைப்பது. பிரிங்கிள்ஸ் சிப்ஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், அந்த வடிவம்தான். ஒரு திசை இழைகள் பாரத்தைத் தாங்கும். இன்னொரு திசை இழைகள் காற்று தூக்காமல் கீழே பிடித்துக்கொள்ளும்.

இப்போது ஷூகோவிடம் போகலாம்.

யார் இவர்?

1853 ஆகஸ்ட் 28 அன்று, ரஷ்யப் பேரரசின் கூர்ஸ்க் மாகாணத்தில் இருந்த கிராய்வோரோன் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா வங்கி அதிகாரி. பள்ளிப் படிப்பு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். சின்ன வயதிலிருந்தே கணக்கில் புலி. பித்தாகரஸ் தேற்றத்தை வகுப்பில் சொந்த வழியில் நிரூபித்துக் காட்டியதாகவும், அதிகப்பிரசங்கித்தனம் என்று ஆசிரியர் மார்க்கைக் குறைத்ததாகவும் அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

1871-ல் மாஸ்கோவில் இருந்த இம்பீரியல் டெக்னிக்கல் ஸ்கூலில் சேர்ந்தார். இன்று பௌமன் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் அதே கல்லூரி. படிக்கும்போதே எண்ணெய்யை நீராவியால் தூவலாக்கி எரிக்கும் ஒரு பர்னரை உருவாக்கினார். 1876-ல் தங்கப் பதக்கத்துடன் வெளியே வந்தார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு அழைப்பு வந்தும் போகவில்லை. கணக்கு பிடிக்கும், ஆனால் அந்தக் கணக்கு மண்ணில் கட்டடமாக எழும்புவதைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஆள்.

அதே ஆண்டு கல்லூரியே அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. பிலடெல்ஃபியாவில் நடந்த உலகக் கண்காட்சியைப் பார்த்தார். அங்கேதான் அலெக்சாண்டர் பாரி என்பவர் அறிமுகமானார். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான இன்ஜினீயர், நல்ல பிசினஸ்மேன். ரஷ்யாவுக்குத் திரும்பி வந்து தொழில் தொடங்கிய பாரி, ஷூகோவைக் கூடவே சேர்த்துக்கொண்டார். ஒருவர் ஆர்டர் பிடிப்பார், இன்னொருவர் கணக்குப் போடுவார். பாரி 1913-ல் இறக்கும் வரை இந்தக் கூட்டணி உடையவே இல்லை.

பாகுவில் கற்றது: இரும்பை எங்கே குறைக்கலாம்?

1878-ல் ஷூகோவ் காஸ்பியன் கடலோர நகரமான பாகுவுக்கு வந்தார். எண்ணெய் பொங்கிக்கொண்டிருந்த காலம். ஆனால் கிணற்றிலிருந்து சுத்திகரிப்பு ஆலைக்கு எண்ணெய் எப்படிப் போனது தெரியுமா? பீப்பாயில் ஊற்றி, மாட்டு வண்டி, கழுதை வண்டிகளில். நோபல் சகோதரர்களின் கம்பெனிக்காக, பாலகானி கிணறுகளிலிருந்து ஆலைகள் வரை சுமார் 10 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டார் ஷூகோவ். ரஷ்யாவின் முதல் எண்ணெய்க் குழாய்ப் பாதை அது. பிழைப்பு போகிறதே என்று வண்டிக்காரர்கள் கொதித்தார்கள். குழாய்க்குக் காவல் போட வேண்டிய அளவுக்குப் பிரச்சினை போனது.

அடுத்து எண்ணெய்த் தொட்டி. அதுவரை சதுரத் தொட்டிகளும் இருந்தன, குழி வெட்டி ஊற்றி வைப்பதும் நடந்தது. ஷூகோவ் உருளை வடிவத்தைப் பிடித்தார். உள்ளே இருக்கும் எண்ணெய் சுவரை வெளியே தள்ளும்போது, உருளையின் சுவர் இடுப்பு பெல்ட் மாதிரி சுற்றிலும் இழுபடும். திரும்பவும் ஈர்க்குச்சிப் பாடம்தான்: இழுபடும் தகடு மெல்லிசாக இருந்தால் போதும். அதோடு, எண்ணெய்யின் அழுத்தம் அடியில் அதிகம், மேலே குறைவு. எனவே தகட்டின் தடிமனையும் அடியில் அதிகமாக, மேலே போகப்போகக் குறைவாக வைத்தார். தொட்டியை மணல் படுக்கையில் உட்கார வைத்தார், அடித்தகடும் மெல்லிசாகிவிட்டது. நெடுஞ்சாலையோரம் நாம் பார்க்கும் பெட்ரோலியக் கம்பெனி டேங்குகள் இன்றும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன.

இரும்பு குறைந்தால் டெண்டரில் விலை குறையும். விலை குறைந்தால் ஆர்டர் வரும். இதனால்தான் பாரியின் கம்பெனி கிடுகிடுவென வளர்ந்தது. 1880-லிருந்து மாஸ்கோவில் தலைமை இன்ஜினீயராக உட்கார்ந்த ஷூகோவ், எண்ணெய்ப் படகுகள், கொதிகலன்கள், நூற்றுக்கணக்கான பாலங்கள், ஊர்களுக்குக் குடிநீர்த் திட்டங்கள் என்று கை வைக்காத துறை இல்லை. 1891-ல் செர்கேய் கவ்ரிலோவுடன் சேர்ந்து, கனமான எண்ணெய்யை உடைத்து பெட்ரோல் எடுக்கும் கிராக்கிங் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது கார்களே அபூர்வம், பெட்ரோல் யாருக்கு வேண்டும்? கண்டுகொள்ள ஆளில்லை. அமெரிக்காவில் இந்த மாதிரி முறை வியாபாரமாக ஆனது 1913-ல்தான்.

மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் இருக்கும் கூம் வணிக வளாகத்தின் கண்ணாடிக் கூரையும் இவர் வேலைதான். 1890-களின் தொடக்கத்தில் கட்டியது. ஒல்லியான இரும்பு வளைவுகள் விரிந்துவிடாதபடி கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கும். கீழே நின்று பார்த்தால் கூரைக்கு எலும்பே இல்லாத மாதிரி, வெறும் வெளிச்சம்தான் தெரியும்.

1896: தொங்கிய கூரைகள்

அந்த ஆண்டு நிஷ்னி நோவ்கோரத் நகரில் அனைத்து ரஷ்யத் தொழில் - கலைக் கண்காட்சி. பாரியின் கம்பெனிக்கு 8 அரங்குகள் கட்டும் வேலை கிடைத்தது. மொத்தப் பரப்பு சுமார் 27,000 சதுர மீட்டர். கண்காட்சி அரங்குதானே, நாலு தூண் நட்டு மேலே தகரம் போட்டால் முடிந்தது என்று விட்டிருக்கலாம். ஷூகோவ் விடவில்லை.

நான்கு அரங்குகளுக்கு, வளைந்த இரும்புப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வளைவுக் கூரை. மற்ற நான்கில்தான் ஆச்சரியம். இரும்புப் பட்டைகளை வலை மாதிரி பின்னி, குறுக்கே சந்திக்கும் இடங்களில் ரிவிட் அடித்து, அந்த வலையைத் தொங்கவிட்டார். அதன் மேல் தகரம். உத்தரம் இல்லை, விட்டம் இல்லை. வட்ட அரங்கின் விட்டம் 68 மீட்டர். நடுவில் தூண்கள் தாங்கிய 25 மீட்டர் அகல வளையம். வெளிச் சுவருக்கும் இந்த வளையத்துக்கும் நடுவே இரும்பு வலை இழுபட்டுத் தொங்கும். வளையத்தின் உள்ளே வலைகூடக் கிடையாது, மெல்லிய இரும்புத் தகடு மட்டும் கிண்ணம் மாதிரித் தொங்கியது.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். சேப்பாக்கத்தில் துணி செய்கிற வேலையை இங்கே இரும்புத் தகடு செய்திருக்கிறது. துணிக் கூடாரங்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கின்றன. சர்க்கஸ் கூடாரம் அப்போதே உண்டு. ஆனால் அது அனுபவத்தில் கட்டுவது. கூரையில் எந்த இடத்தில் எவ்வளவு இழுவிசை வரும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு மட்டும் பொருளை வைத்து, இவ்வளவு பெரிய கட்டடத்தை இரும்பில் தொங்கவிட்டது ஷூகோவ்தான். உலகின் முதல் இரும்பு இழுவிசைக் கூரைகள் என்று கட்டடக்கலை வரலாறு இவற்றைத்தான் குறிப்பிடுகிறது. 1895-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1899-ல் கிடைத்தது. நடுவில் 1897-ல், ஒரு கூரைக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு இரும்பு போதும் என்பதைக் கணக்காகவே விளக்கி ஒரு புத்தகமும் எழுதிவிட்டார்.

பிரம்பு மோடா மாதிரி ஒரு கோபுரம்

அதே கண்காட்சியில் இன்னொரு அதிசயமும் நின்றது: சுமார் 37 மீட்டர் உயரத் தண்ணீர் டேங்க் கோபுரம். அடியில் அகலம், போகப்போக ஒல்லி.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் கால வீட்டுத் திண்ணையில் கிடக்கும் பிரம்பு மோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் வட்ட வளையம். நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். வளைந்த மாதிரித் தெரிந்தாலும் அதில் ஒரு குச்சிகூட வளைந்ததில்லை. எல்லாமே நேர்க்குச்சிகள், சாய்வாக வைத்துக் கட்டியவை. ஒரு கட்டுக் குச்சி இடது பக்கம் சாயும், இன்னொரு கட்டு வலது பக்கம் சாயும். இரண்டும் சேரும்போது தானாக அந்த வளைவு வந்துவிடும். கணிதத்தில் இதற்கு ஹைபர்போலாய்டு என்று பெயர். நெய்வேலி அனல் மின் நிலையத்தில் பார்க்கும் கூலிங் டவர்களின் இடுப்பு ஒடுங்கிய வடிவமும் இந்தக் குடும்பம்தான்.

கோபுரத்தில் பாரம் கீழ்நோக்கித் தள்ளும், அதனால் இது கூரை மாதிரி முழுக்க இழுவிசை இல்லை. ஆனால் இரண்டு திசையிலும் எதிரெதிராக வளைந்த பரப்பு என்பதால், ஒல்லிக் கம்பிகளே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளையாமல் நிற்கின்றன. காற்றும் ஓட்டை வழியே புகுந்து போய்விடும். நேரான கம்பிகள்தானே, பட்டறையில் வெட்டுவதும் ரிவிட் அடிப்பதும் சுலபம்.

கண்காட்சி முடிந்ததும் நெச்சாயெவ்-மால்த்சோவ் என்ற கண்ணாடித் தொழிலதிபர் அந்தக் கோபுரத்தை விலைக்கு வாங்கி, பொலிபினோவில் இருந்த தன் பண்ணைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். இன்றும் அங்கே நிற்கிறது. அரங்குகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தற்காலிகக் கட்டடங்கள் என்பதால் கழற்றப்பட்டன. தொங்கும் கூரைகள் ஃபோட்டோக்களிலும் வரைபடங்களிலும் மட்டுமே மிஞ்சின.

கோபுரங்களுக்கு மட்டும் ஆர்டர் குவிந்தது. ஊர் ஊராகத் தண்ணீர் டேங்குகள், கருங்கடல் பக்கம் கலங்கரை விளக்கங்கள் என்று ஷூகோவ் கட்டிக்கொண்டே போனார். மாஸ்கோவின் இன்றைய கியெவ்ஸ்கி ரயில் நிலையத்தில், நடைமேடைகளுக்கு மேலே 300 மீட்டருக்கும் நீளமான கண்ணாடிக் கூரையும் அவருடையதுதான். அந்த வேலை முடிந்தபோது நாட்டில் ஜார் ஆட்சியே இல்லை.

2,200 டன் கேட்டார். 240 டன் கிடைத்தது

1917 புரட்சி. பாரியின் கம்பெனி தேசியமயமானது. பணமும் படிப்பும் இருந்த பலர் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். ஷூகோவ் போகவில்லை. தொழிலாளர்கள் அவரையே நிர்வாகியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

1919. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தது. வெளியுலகத்தோடும் தூரத்து மாகாணங்களோடும் பேச லெனின் அரசுக்கு ரேடியோ தேவைப்பட்டது. மாஸ்கோவின் ஷபோலோவ்கா தெருவில் ஒரு ரேடியோ கோபுரம் கட்ட வேண்டும் என்று ஜூலை 30 அன்று உத்தரவு போனது.

ஷூகோவ் போட்ட முதல் திட்டம் 350 மீட்டர் உயரம். பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தைவிட உயரம். ஆனால் எடை சுமார் 2,200 டன்தான். ஈஃபிளின் இரும்பு 7,000 டன்னுக்கும் மேல். உயரத்தில் தாண்டி, எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாகு டேங்கிலிருந்து அவர் போட்டுக்கொண்டே வந்த கணக்கின் உச்சம் அது.

கட்ட முடியவில்லை. ஏனென்றால் 2,200 டன் இரும்பு அப்போது மாஸ்கோவில் இல்லை. திட்டத்தைச் சுமார் 150 மீட்டராகச் சுருக்கினார். எடை 240 டன். அந்த 240 டன்னுக்கும்கூட ராணுவக் கையிருப்பிலிருந்து எடுக்க லெனினே உத்தரவு போட வேண்டியிருந்தது. கிடைத்த இரும்பிலும் தரம் ஒரே மாதிரி இல்லை. வேலையாட்களுக்குச் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு.

கோபுரம் ஆறு அடுக்கு. ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு மோடாக்களை வைத்த மாதிரி. கிரேன் இல்லை, சாரம் கட்ட மரம் இல்லை. அதற்கும் ஷூகோவ் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் அடுக்கைத் தரையில் நிறுத்துவது. அதன் வயிற்றுக்குள்ளேயே, தரையில், அடுத்த அடுக்கைக் கட்டுவது. பிறகு அதன் அடிப்பாகத்தைக் கொஞ்சம் ஒடுக்கிக் கட்டி, கயிறும் கப்பியும் போட்டு, மேல் வளையம் வழியாக வெளியே இழுத்து உட்கார வைப்பது. பழைய ரேடியோ ஆன்டெனாவை இழுத்து நீட்டுவோமே, அந்த மாதிரி. 1920 மார்ச்சில் வேலை தொடங்கியது.

1921 ஜூன்: அறுந்த கயிறு

மூன்று அடுக்குகள் ஏறிவிட்டன. ஜூன் கடைசியில் நான்காவது அடுக்கை மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது இரும்புக் கயிறு அறுந்தது. நான்காவது அடுக்கு அப்படியே கீழே விழுந்து நொறுங்கியது. ஏற்கெனவே நின்ற கீழ் அடுக்குகளையும் சேதப்படுத்தியது.

கணக்கில் தப்பில்லை. விசாரணையில் தெரியவந்த காரணம் உலோகச் சோர்வு. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியுமே, அதுதான். ஆனால் அது எதையும் நின்று நிதானமாகப் பார்க்கும் காலம் இல்லை. எது நடந்தாலும் சதியா என்று கேட்கும் காலம். 67 வயது ஷூகோவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நிறைவேற்றாமல் நிறுத்திவைத்தார்கள், அவ்வளவுதான். இது அவருடைய நாட்குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஒரே வழி, கோபுரத்தை முடித்துக் காட்டுவது.

அதன் பிறகு ஒவ்வொரு அடுக்கும் மேலே ஏறும்போது அந்த மனிதர் கீழே எப்படி நின்றிருப்பார்? வாழ்நாள் முழுக்க இரும்பைக் குறைத்துக் குறைத்துக் கட்டியவர். இந்த முறை ஒரு கயிறு அறுந்தால் அவர் உயிர் போகும். பயந்துபோய் தடிமனைக் கூட்டிக்கொள்ளலாம் என்றால் இரும்பும் இல்லை. தன் கணக்கை நம்புவதைத் தவிர வேறு வழி அவரிடம் இல்லை.

சேதமான அடுக்குகள் சரி செய்யப்பட்டன. நான்கு, ஐந்து, ஆறு என்று வரிசையாக ஏறின. 1922 மார்ச் 19 அன்று கோபுரத்திலிருந்து ஒலிபரப்பு தொடங்கியது. தண்டனை நிறைவேற்றப்படவில்லை.

கடைசி ஆண்டுகள்

அதன் பிறகு அரசு அவரைக் கொண்டாடியது. 1929-ல் லெனின் பரிசு, அறிவியல் அகாடமியில் கௌரவ உறுப்பினர் பதவி. 1920-களின் கடைசியில் ஓகா ஆற்றின் குறுக்கே மின்கம்பிகளைக் கொண்டுபோக 128 மீட்டர் உயரக் கோபுரங்களைக் கட்டினார். 1932-ல் சமர்கந்தில், 15-ம் நூற்றாண்டைச் சேர்ந்த உலுக் பேக் மதரஸாவின் சாய்ந்துபோன மினார் ஒன்றை அவர் திட்டப்படி நிமிர்த்தினார்கள். கட்டுவதில் மட்டுமில்லாமல், விழப்போவதை நிறுத்துவதிலும் ஆள் கில்லாடி.

வேலை போக மீதி நேரத்தில் கையில் கேமரா. தெரு, திருவிழா, குடும்பம், கட்டி முடிக்காத பாலம் என்று ஏராளமான படங்கள் எடுத்திருக்கிறார்.

முடிவு கொடுமையானது. 1939-ல் வீட்டில் மெழுகுவத்தி கவிழ்ந்து உடையில் தீப்பிடித்தது. சில நாட்கள் போராடி, பிப்ரவரி 2 அன்று இறந்தார். வயது 85. அடுத்த மாதமே ஷபோலோவ்கா கோபுரத்திலிருந்து மாஸ்கோவுக்கு வழக்கமான டி.வி. ஒளிபரப்பு தொடங்கியது. ரேடியோவுக்காகக் கட்டிய கோபுரம், சோவியத் டி.வி.யின் அடையாளச் சின்னமாகவே மாறிப்போனது. அதைப் பார்க்க அவர் இல்லை.

பிறகு துணி வந்தது

ஷூகோவின் தொங்கும் கூரைகளை உலகம் அப்படியே தொடரவில்லை. கட்டடங்களே இல்லாமல் போனபிறகு யார் போய்ப் பார்ப்பது? 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராலே நகரில், கம்பிவடங்களில் தொங்கும் சேண வடிவக் கூரையோடு ஒரு அரங்கம் எழுந்தது. அதன் வரைபடங்களை 1950-ல் நியூயார்க்கில் பார்த்து அசந்துபோன ஜெர்மன் மாணவர்தான் ஃப்ரை ஓட்டோ. தொங்கும் கூரைகளைப் பற்றியே 1954-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். சோப்பு நீர்க் குமிழிப் படலங்களை வைத்து, எந்த வடிவத்தில் இழுவிசை சமமாகப் பரவும் என்று தேடினார். 1967 மான்ட்ரியல், 1972 மியூனிக் என்று அவர் கட்டியவை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தன.

ஷூகோவ் காலத்தில் இல்லாத ஒன்று அடுத்து வந்தது: பல பத்தாண்டுகள் வெயிலும் மழையும் தாங்கும் துணி. 1973-ல் கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரிக் கட்டடத்தின் மேல் பி.டி.எஃப்.இ. பூசிய கண்ணாடி இழைத் துணி முதன்முதலாக ஏறியது. அந்த வம்சம்தான் நம் சேப்பாக்கம் வரை வந்திருக்கிறது. 1990-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஷூகோவைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நூல் வந்தது. சிக்கனமாகக் கட்டும் கலை என்பதுதான் அதன் தலைப்பே. ஃப்ரை ஓட்டோ வேலை பார்த்த அதே நகரம்.

இன்று அந்தக் கோபுரங்கள்?

ஷபோலோவ்கா கோபுரம் நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது. துருப்பிடித்து, பராமரிப்பு இல்லாமல் இருந்த அதை 2014-ல் கழற்றிவிடலாம் என்று ரஷ்யாவில் முடிவெடுக்கும் அளவுக்குப் போனார்கள். உலகின் பல பெரிய கட்டடக் கலைஞர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள், மாஸ்கோ மக்களும் அது அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். கோபுரம் தப்பியது.

ஓகா கோபுரங்களின் கதை இன்னும் மோசம். உயரமான இரண்டில் ஒன்றை 2005-ல் பழைய இரும்புக்காகவே வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். தனியாக நின்ற மற்றதன் அடியிலும் திருடர்கள் கை வைத்தார்கள். தாங்கி நின்ற 40 கம்பிகளில் 16-ஐ அறுத்துக்கொண்டு போனார்கள்.

குறைந்த இரும்பு என்றாலே பலவீனம் என்று நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கால்களில் 16 போனபிறகும் அந்த 128 மீட்டர் கோபுரம் விழவில்லை. மீதிக் கம்பிகள் பாரத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. பிறகு அடிப்பாகத்தைச் சரி செய்தார்கள். ஓகா ஆற்றங்கரையில் அது இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

அடுத்த முறை சேப்பாக்கத்தில் மேட்ச் பார்க்கும்போது, டிரிங்க்ஸ் பிரேக்கில் ஒரு நிமிஷம் கூரையையும் பாருங்கள்.